ஆலை சூப்பர்வைசர்களுக்குத் தனிக் கோச்சிங்: பிரயோஜனம் உண்டா? (புதுவை, கடலூர் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்)

வில்லியனூர்வாசி:
வணக்கம் நண்பர்களே. திருபுவனை பக்கம் ஒரு மருந்து ஆலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மாத்திரை அடித்து, பிளிஸ்டர் அட்டையில் போட்டு, பெட்டி கட்டி அனுப்பும் ஆலை. மூன்று ஷிப்ட் ஓடுகிறது. சூப்பர்வைசர்கள், உதவி மேலாளர்கள் சிலருக்கு ஆறு மாதம் தனித்தனியாகக் கோச்சிங் கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. “அவங்க மைண்ட்செட் மாறணும், பர்ஃபாமன்ஸ் ஏறணும்” என்பது மேலே இருந்து வந்த வாசகம். அப்படியே தருகிறேன்.

கையில் மூன்று கொட்டேஷன் இருக்கிறது. ஒருவர் பெரிய மண்டபங்களில் பேசிப் பழகியவர், கைத்தட்டலுக்குக் குறைவிருக்காது. இன்னொருவர் மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் சேர்த்துத் தருகிறார். மூன்றாமவர் வந்த அன்று எதையும் விளக்கவில்லை, கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனாலேயே எங்கள் எம்.டி.க்கு அவரைப் பிடிக்கவில்லை.

எங்கள் சிக்கல் இதுதான். ராத்திரி ஷிப்ட் காலை ஷிப்டுக்கு ஒப்படைக்கும்போது ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உற்பத்தி லைன் நின்றால் யார் முடிவெடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆபரேட்டராக வெளுத்து வாங்கிய ஆளை சூப்பர்வைசர் ஆக்கினால், ஆக்கிய நாளிலிருந்து வாயே திறப்பதில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்டால், “நாலு திட்டு திட்டினா மறுநாளே சரியாயிடுவானுங்க, கோச்சிங்காம் கோச்சிங்” என்கிறார்.

இதற்குப் பணம் செலவழிக்கலாமா? யாராவது இதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

பண்ருட்டிப்பலா:
உட்கார்ந்து எழுந்தவன் நான் இருக்கிறேன் சார். சிறுகடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கரையோர ஊர்களில் வீட்டுக்குள் புகுந்தது. கடன் குழுக்கள் கூடும் எங்கள் சென்டர் மீட்டிங் நடக்கும் திண்ணைகளே சேற்றில் கிடந்தன. குழுப் பெண்கள் ஆடு மாட்டை மேட்டில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள்.

அந்த மாதம் வசூல் இறங்காமல் என்ன செய்யும்? மண்டல அலுவலகத்திலிருந்து ஜூமில் ஒரு கோச்சைக் கூட்டி வந்தார்கள். “சூழ்நிலையைக் காரணம் சொல்கிறவர்கள் தோற்பவர்கள், வெற்றி பெறுகிறவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றுகிறார்கள்” என்று ஒரு மணி நேரம். கேமராவை ஆன் செய்து சிரித்த முகமாக இருக்கச் சொன்னார்கள். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துபோய் வந்து அதைக் கேட்டான். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டான்.

அந்த மண்டபப் பேச்சாளரை முதலில் கழித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மட்டுறுத்துநர்:
இந்த இடத்தில் இருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. பயிற்சி நிறுவன விளம்பரங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போடவும்.

முருங்கப்பாக்கம் கோச்:
நான் இதே வேலையைச் செய்பவள். விளம்பரமாகப் போய்விடக் கூடாது என்பதால் என் பெயரோ எண்ணோ தரமாட்டேன், தனிமடலிலும் கேட்க வேண்டாம். பண்ருட்டி சகோதரர் சொன்னதைப் படித்து எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நடந்தது கூட்டத்துக்குச் செய்த சொற்பொழிவு. கோச்சிங் என்பது ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து, அவர் வேலையை அவர் வாயாலேயே அலச வைப்பது.

இதன் வேரைத் தேடினால் டென்னிஸ் மைதானத்துக்குப் போக வேண்டும். 1970களில் அமெரிக்காவில் டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர் ஒன்றைக் கவனித்தார். “பந்தைப் பார், மட்டையை இப்படிப் பிடி” என்று கத்தக் கத்த ஆட்டக்காரர் இறுகிப்போகிறார். அதை விட்டுவிட்டு, பந்து தரையில் படும்போது ‘தரை’ என்றும் மட்டையில் படும்போது ‘மட்டை’ என்றும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். கவனம் பந்துக்குப் போனது, பயம் விலகியது, ஆட்டம் தானாகவே சீரானது. ஒருவரிடம் இருக்கும் ஆற்றலில் குறுக்கீட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் செயல்திறன் என்பது அவர் கணக்கு. இதை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். அவர் பழைய கார் பந்தய வீரர். இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறாய் என்ற நாலு படிக் கேள்வி முறை அவர் பெயரோடு சேர்ந்துதான் பரவியது. இன்றைக்கும் பாதிக் கோச்சுகள் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறோம்.

ஒரு உரையாடலைக் காட்டுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் மாற்றியிருக்கிறேன். உணவுப்பொருள் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

“அடுத்த தடவை லைன் நின்னா, எப்படி நடந்தா உங்களுக்குத் திருப்தி?”
“மெயின்டனன்ஸைக் கூப்பிட்டு நானே முடிவு சொல்லணும் மேடம்.”
“இப்போ என்ன நடக்குது?”
“மேனேஜருக்குப் போன் போடுறேன்.”
“ராத்திரி ரெண்டு மணிக்கும்?”
“ரெண்டு மணிக்கும்தான். அவர் எடுக்கிற வரைக்கும் லைன் நிக்கும்.”
“போன் போடாம நீங்களே முடிவெடுத்தா?”
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: “போன வருஷம் ஒருத்தர் எடுத்தாரு. காலை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. அவரு இப்ப இங்க இல்ல.”

இதில் அவருடைய தயக்கம் எது, ஆலையின் குற்றம் எது என்று பிரித்துப் பாருங்கள். நான் அவருக்குத் தைரிய உரை ஆற்றவில்லை. எந்தெந்த நிறுத்தங்களில் தானே முடிவெடுக்கலாம் என்று அவரே ஒரு பட்டியல் எழுதினார். அதில் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினார். லைன் குறிப்பிட்ட நிமிடத்துக்கு மேல் நின்றால் முதலில் மெயின்டனன்ஸைக் கூப்பிடுவேன், உடனே லாக் புக்கில் நேரம் எழுதுவேன் என்று ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டார். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, வெறுமனே நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பதைவிடப் பலன் தருகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். நான் இதை எல்லாரிடமும் பயன்படுத்துகிறேன்.

உங்கள் மூன்றாவது ஆள் கேள்வி கேட்டதாகச் சொன்னீர்கள். என் ஓட்டு அவருக்கு.

கெடிலக்கரையான்:
அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதையில் வேலை செய்தது அந்தக் கையெழுத்துப் பட்டியல். அதற்கு ஏன் கோச்? மேனேஜர் ஒழுங்காக இருந்தால் ஒரு வெள்ளைத்தாள் போதுமே.

நான் கடலூர் சிப்காட் பகுதியில் ரசாயன ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயம் சொல்கிறேன். ரசாயன வினை நடக்கும் கலனான எங்கள் ரியாக்டரைக் குளிரவைக்கும் தண்ணீர் கூலிங் டவரிலிருந்து வரும். கடலோரம் மே, ஜூனில் காற்றில் ஈரம் எக்கச்சக்கம். ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாவது குறையும், அதனால் டவர் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஓரளவுக்குக் கீழே குளிராது. குளிராவிட்டால் பேட்ச் முடிய நேரம் கூடும். இது இயற்பியல். ஆனால் சுவரில் ஒட்டிய சார்ட்டில் அது ‘ஷிப்ட் சி, மந்தம்’ என்று வரும். ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருத்தருக்கு அப்ரைசலில் ‘முனைப்பு போதாது’ என்று எழுதுவார்கள். டிசம்பரில் அதே ஆளுக்கு ‘நல்ல முன்னேற்றம்’. அவன் மைண்ட்செட் எங்கே மாறியது? காற்று மாறியது.

டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1980களில் தன் நாலு நாள் வகுப்புகளில் ஒரு நாடகம் நடத்துவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மிச்சம் வெள்ளை. வகுப்பில் இருந்து ஆறு பேரை வேலைக்கு எடுப்பார். ஐம்பது குழி உள்ள ஒரு துடுப்பு கொடுப்பார். அதைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு வெள்ளை மட்டும்தான் வேண்டும், சிவப்பு வந்தால் குறை. ஒருவருக்குச் சிவப்பு ஆறு வரும், இன்னொருவருக்குப் பதினாலு வரும். ஆறு வந்தவரைப் பாராட்டுவார், பதினாலு வந்தவரைத் திட்டுவார், சுவரில் வாசகம் ஒட்டுவார், போனஸ் தருவார், கடைசியில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்புவார். எண்ணிக்கை தன் போக்கில் ஏறும், இறங்கும். ஏன்? பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு மணியை வாங்கிப் போட்டது நிர்வாகம். துடுப்புப் பிடித்தவன் என்ன நினைத்துக்கொண்டு பிடித்தாலும் சிவப்பு வரத்தான் செய்யும்.

வில்லியனூர் தம்பி, உங்கள் பெட்டியில் எத்தனை சிவப்பு மணி இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

பண்ருட்டிப்பலா:
அய்யா, சல்யூட். என் மண்டல மேலாளருக்கு இதை அனுப்பலாம் என்று பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

காலாப்பட்டுக் காத்து:
உளவியல் ஆராய்ச்சி மாணவன். பல்கலைக்கழக விடுதியில் உட்கார்ந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, திட்டினால் சரியாகிவிடுவார்கள் என்று சொல்கிற மேனேஜர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற டேனியல் கானெமன் இதே மாதிரி ஆளை இஸ்ரேல் விமானப்படையில் சந்தித்தார். விமானிகளுக்குப் பயிற்சி தரும் அதிகாரி ஒருவர் சொன்னாராம்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், ஆகவே திட்டுதான் மருந்து. கானெமனுக்கு உடனே பொறி தட்டியது. வழக்கத்தைவிட மிக நன்றாக ஓட்டிய ஒருவர் அடுத்த முறை தன் சராசரிப் பக்கம் இறங்குவார். மிக மோசமாக ஓட்டியவர் சராசரிப் பக்கம் ஏறுவார். யாரும் வாயே திறக்காவிட்டாலும் இதுதான் நடக்கும். திட்டியவருக்கு ஒவ்வொரு முறையும் தன் திட்டு ஜெயித்த மாதிரி தெரியும். அய்யா சொன்ன சிவப்பு மணியும் இதுவும் ஒரே சங்கதிதான். கூடவே ஒரு எச்சரிக்கை: மோசமான மாதத்துக்குப் பிறகு கோச்சைக் கொண்டுவந்தால், அடுத்த மாதம் ஏறும் எண்ணுக்கு அந்தக் கோச் பில் போட்டுவிடுவார். முருங்கப்பாக்கம் மேடம் மன்னிக்கவும்.

இரண்டாவது, மைண்ட்செட் என்று இப்போது எல்லாரும் புழங்குகிற கருத்து. திறமை பிறவியிலேயே நிலையானதா, உழைப்பால் வளருமா என்று ஒருவர் நம்புவதைப் பற்றியது; கரோல் ட்வெக் என்ற அமெரிக்க உளவியலாளருடையது. 1998இல் அவரும் கிளாடியா ம்யூலரும் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அடுத்து சுலபமானதைத் தேடினார்கள், பெயர் கெட்டுவிடுமே! உங்கள் ‘வெளுத்து வாங்கிய ஆபரேட்டர்’ சூப்பர்வைசர் ஆனதும் வாயடைத்துப் போவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்.

ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைப் பெரிய அளவில் சோதித்திருந்தார்கள். மூளையின் திறன் வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம். பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். அதுவும் எங்கே நன்றாக ஏறியது என்றால், கூடப் படிக்கும் பிள்ளைகளும் கடினமான கணக்கை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ள பள்ளிகளில். சுற்றி இருப்பவர்களிடம் அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் தலைக்குள் போட்ட விதை அவ்வளவாக முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே இதுதான் கதி என்றால், தானே முடிவெடுத்த ஆளை மீட்டிங்கில் நிற்க வைக்கிற ஆலைக்கு என்ன கதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முருங்கப்பாக்கம் கோச்:
மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, சரியாகத்தான் சொன்னீர்கள். நான் ஒரு மாத எண்ணை வைத்துப் பில் போடுவதில்லை. தொடங்குவதற்கு முன் ஆறு மாத எண்ணையும் முடிந்த பின் ஆறு மாத எண்ணையும் பார்க்கச் சொல்வேன். அதிலும் என் பங்கு எவ்வளவு என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

கெடிலக்கரையான் அய்யாவுக்கு: வெள்ளைத்தாள் போதும் என்றீர்கள். அந்தத் தாளை அந்த மனிதர் பத்து வருஷமாக எழுதவில்லையே அய்யா. ஏன் எழுதவில்லை என்பதை அவர் யாரிடம் பேசுவார்? மேனேஜரிடம் பேச முடியாது. வீட்டில் பேசினால் ‘வேலையைப் பார்த்துக்கிட்டு பேசாம இரு’ என்பார்கள். சம்பளம் தருபவரும் இல்லாத, சொந்தக்காரரும் இல்லாத ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து கேட்டால்தான் அந்தப் பேச்சு வெளியே வருகிறது.

இரவுப்பணி அக்கா:
புதுவையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜ். நானும் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன்.

எங்களுக்கும் ‘மன உறுதி’ வகுப்பு எடுத்தார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் தூங்கப் போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். முன்வரிசையிலேயே ஒரு பொண்ணு தூங்கி விழுந்தாள், ‘ஈடுபாடு இல்லை’ என்று பெயர் குறித்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

வில்லியனூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்ட் ஒப்படைப்பில் விட்டுப்போகிறது என்றீர்களே, அதற்குக் கோச் வேண்டாம், முறை வேண்டும். நாங்கள் நாலே வரியில் ஒப்படைக்கிறோம்: இப்போது நிலைமை என்ன, இதற்கு முன்னால் நடந்தது என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீ என்ன செய்ய வேண்டும். மூன்றாவது வரிதான் உயிர். புதுசாக வந்த பிள்ளைகள் முதல் இரண்டையும் அழகாகச் சொல்வார்கள், ‘நான் என்ன நினைக்கிறேன்’ என்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயம். அந்தப் பயத்தை எடுக்கத்தான் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பழைய சூப்பரின்டெண்ட் அம்மா அதைத் தேநீர் நேரத்தில் செய்தார். “உனக்கு என்னம்மா தோணுது, சொல்லு” என்று கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லி முடிக்கும்வரை டம்ளரைக் கீழே வைக்கமாட்டார். அவருக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

இன்னொன்று. ஒருத்தி சிரிக்காமல், சாப்பிடாமல், வேலையில் தடுமாறிக்கொண்டிருந்தாள். மைண்ட்செட் சரியில்லை என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அவளுக்கு இருந்தது மனச்சோர்வு நோய். ஜிப்மர் அரசு மருத்துவமனையில் காட்டிய பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஆட்களில் அப்படி யாராவது இருந்தால் கோச்சிடம் அனுப்பாதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022இல் மத்திய அரசு தொடங்கியது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுகிறார்கள், காசு இல்லை.

முருங்கப்பாக்கம் கோச்:
அக்கா சொன்ன கடைசிப் பத்தியை ஒவ்வொரு கோச்சும் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். கோச் என்று பலகை மாட்ட நம் நாட்டில் ஒரு உரிமமும் தேவையில்லை. நேற்று வரை இன்சூரன்ஸ் விற்றவர் இன்று கோச். அதனால் கேட்டு விசாரியுங்கள்.

சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு என்று ஒன்று 1995இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் மூன்று படிநிலைச் சான்றிதழ். முதல் படிக்குப் படிப்போடு குறைந்தது 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்ததற்கு 500, கடைசிப் படிக்கு 2,500. சான்றிதழ் இருந்தால் நல்ல கோச் என்று நான் சொல்லமாட்டேன், அந்தச் சூப்பரின்டெண்ட் அம்மாவே சாட்சி. ஆனால் ‘எத்தனை மணி நேரம் செய்திருக்கிறீர்கள், இந்த மாதிரி ஷிப்ட் ஆலையில் யாரோடு வேலை செய்தீர்கள், எங்கே பலிக்கவில்லை’ என்று கேட்டால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பலிக்காத கதை ஒன்றுகூட இல்லை என்பவரை அனுப்பிவிடுங்கள்.

வில்லியனூர்வாசி:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் எம்.டி. மாதாமாதம் ரிப்போர்ட் கேட்கிறார். ஒவ்வொருவரும் என்ன பேசினார், எங்கே பலவீனம், பதவி உயர்வுக்குத் தகுதியா என்று. பணம் கொடுப்பது நாங்கள்தானே, கேட்பதில் தப்பு இல்லையே?

பண்ருட்டிப்பலா:
தப்பு இல்லையாம்! சார், அப்படியென்றால் கோச்சிங் ரூமில் ஒரு மைக் வைத்து நேரடியாக ஒலிபரப்பிவிடுங்கள், ரிப்போர்ட் எழுதும் செலவாவது மிஞ்சும். எங்கள் கம்பெனியில் ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று சொல்லி, ஒருவர் திறந்து பேசியதை மறுவாரமே டிரான்ஸ்பர் ஆர்டராக அடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிளையில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. எல்லாரும் சூப்பர்.

முருங்கப்பாக்கம் கோச்:
சகோதரர் காரமாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். பணம் தருவது நிறுவனம், பேசுவது ஊழியர். அதனால் முதல் நாளே மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்: ஊழியர், அவருடைய மேலாளர், கோச். என்ன இலக்கு என்பது மூவருக்கும் தெரியும். வந்தாரா, வரவில்லையா என்பது நிறுவனத்துக்குப் போகும். அறைக்குள் பேசியது போகாது. முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்றால் ஊழியரே மேலாளரிடம் சொல்வார், நான் பக்கத்தில் இருப்பேன். உயிருக்கு ஆபத்து, சட்டமீறல் போன்றவை விதிவிலக்கு. அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பதவி உயர்வுக்கு ஆள் பொறுக்க வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள், அதற்குத் தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கோச்சிங் தலையில் கட்டினால் உங்கள் சூப்பர்வைசர்கள் ஆறு மாதமும் நன்றாக நடித்துக் காட்டுவார்கள்.

கெடிலக்கரையான்:
இப்போது அம்மா பேசுவது எனக்குப் பிடிக்கிறது. நான் முழுக்க எதிரி இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: யாருக்குக் கோச்சிங்? சூப்பர்வைசர்களுக்கு மட்டும் என்றால், நாலு திட்டு மேனேஜர் அப்படியே இருப்பாரே. ஆறு மாதம் ஒருவனுக்கு ‘நீயே முடிவெடு’ என்று சொல்லிக்கொடுத்து, அவன் எடுத்த முதல் முடிவுக்கே அவர் எகிறினால்? முன்னாடி பயம் மட்டும் இருந்தது, இப்போது கசப்பும் சேரும். நல்ல ஆளாக இருந்தால் வேறு ஆலைக்கு விண்ணப்பம் போடுவான். மேனேஜரை முதல் ஆளாக உட்கார வையுங்கள். அவர் மாட்டேன் என்றால் பணத்தை மிச்சம் பிடித்து இன்னொரு மெயின்டனன்ஸ் ஃபிட்டரை ராத்திரி ஷிப்டுக்குப் போடுங்கள்.

காலாப்பட்டுக் காத்து:
ஃபிட்டர் யோசனைக்கு ஆராய்ச்சி ஆதாரம் தேவையில்லை.

வில்லியனூர்வாசி:
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், வேலை அதிகம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அய்யா சொன்னபடி சிவப்பு மணி எண்ணப் போனேன். பிளிஸ்டர் லைன் ஏன் நின்றது என்று லாக் புக்கைப் புரட்டினேன். ‘மெஷின் ப்ராப்ளம்’ என்று பக்கம் பக்கமாக. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எழுதிய சூப்பர்வைசரிடம் கேட்டால், “காரணம் எழுதினா, ஏன் முன்னாடியே பாக்கலன்னு கேப்பாங்க சார், அதான்” என்றார். இன்னொருவர் வேறு கதை சொன்னார். அலுமினிய ஃபாயில் ரோல் வேறு சப்ளையரிடமிருந்து வர ஆரம்பித்த பிறகு சீல் சரியாகப் பிடிக்காமல் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறதாம். ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பர்ச்சேஸுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போது பழைய ரோலையும் புதிய ரோலையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள்.

ஒப்படைப்புக்கு அக்காவின் நாலு வரியை லாக் புக்கில் அச்சடித்துவிட்டோம். ‘நான் நினைப்பது’ கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. ஆகவே கோச்சிங் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் முன்பு கேட்ட கோச்சிங் இல்லை. கேள்வி கேட்கிற மூன்றாமவரைத்தான் பரிந்துரைத்திருக்கிறேன். மாத ரிப்போர்ட் வருகைப் பதிவோடு நிற்கும் என்பதற்கு எம்.டி. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். மேனேஜரும் உட்கார வேண்டும் என்றதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. “எனக்கா?” என்று ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கெடிலக்கரையான்:
அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை கொட்டேஷனுக்கு ஒப்புதல் போடாதீர்கள்.

இரவுப்பணி அக்கா:
தம்பி, கோச்சிங் எந்த நேரத்தில்? ஷிப்ட் முடிந்த பிறகா?

வில்லியனூர்வாசி:
அப்படித்தான் போட்டிருந்தோம் அக்கா. உங்கள் பதிவைப் படித்த பிறகு மாற்றச் சொல்லிவிட்டேன். கம்பெனி பஸ் மதகடிப்பட்டு, விழுப்புரம் பக்கம் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் அப்புறம் அவர்கள் ரோட்டில் நிற்க வேண்டும். ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம், அந்த நேரத்துக்கு லைனைப் பார்க்க மாற்று ஆள். மாற்று ஆளுக்கான மணிக்கணக்கையும் அதே பட்ஜெட்டில் சேர்த்திருக்கிறேன்.